காற்று பம்புக்குக் கரண்ட் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

சீமைக்கருவேல முள் ஏறாத டயர் ராமநாதபுரம் மாவட்டத்தில் கிடையாது. அதனால் பையில் ஒரு சின்னக் காற்று பம்பை வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனைக்குப் போகும் ரோட்டில் முகுந்தராயர் சத்திரம் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் கடலும் மணலும்தான். அந்த வெயிலில், அந்தக் காற்றில், டயர் இறங்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது என்ன பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

என் கவலை பம்பைப் பற்றியதல்ல. அதற்கு வண்டியில் எங்கிருந்து கரண்ட் எடுக்கிறார்கள் என்பதுதான். டூவீலர் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கத்திலிருந்து 'செல்ஃப் எடுக்கலை', 'ஹெட்லைட் மங்குது', 'மீட்டர் அணைஞ்சு அணைஞ்சு வருது' என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கும் காரணம் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்தான். கம்பெனி வயரிங்கில் குற்றம் இருப்பது குறைவு.

அண்மையில் ஒரு 125 சிசி வண்டி வந்தது. ஹேண்டில்பாரில் செல்போன் சார்ஜர். அந்த வயரிலிருந்தே பிரித்து, காரில் இருப்பது போன்ற லைட்டர் சாக்கெட் ஒன்றும் மாட்டியிருந்தார்கள். தம்பி அதில் பம்பைச் செருகிப் பின் டயருக்குக் காற்று அடித்திருக்கிறார். பாதியில் கருகிய வாடை. டேங்கைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்பு வயரின் தோல் ஒரு சாண் நீளத்துக்கு உருகி, பக்கத்தில் ஓடும் கம்பெனி வயர்களோடு ஒட்டிக் கிடந்தது. பேட்டரி பக்கம் பியூஸ் ஹோல்டர் இருந்தது, உள்ளே பியூஸ் இல்லை. செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தது.

"பியூஸ் அடிக்கடி போச்சுண்ணே. அதான் கம்பி போட்டுக் குடுத்தாங்க" என்றார்.

இந்த வயர் தாங்காது என்று அந்த பியூஸ் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. உருகிய இடத்துக்கு நேர் மேலே பெட்ரோல் டேங்க். தீப்பிடிக்காமல் போனது அவர் அதிர்ஷ்டம்.

கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். செல்போன் சார்ஜர் பேட்டரியிலிருந்து ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு ஆம்பியர் இழுக்கும். காருக்கென்று விற்கும் 12 வோல்ட் பம்புகள் சாதாரணமாக 8 முதல் 15 ஆம்பியர் வரை இழுப்பவை. 10 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 120 வாட். ஹாலஜன் ஹெட்லைட் 35 வாட்தான், அப்படியானால் இது மூன்று ஹெட்லைட்டுக்கு மேல். சார்ஜருக்குப் போகும் அரை சதுர மில்லிமீட்டர் வயரில், போக வர நாலு மீட்டருக்கு இந்த 10 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 1.4 வோல்ட் வயரிலேயே தொலைந்துபோகும். தொலைந்ததெல்லாம் சூடு. பம்ப் திணறும், காற்று ஏற நேரம் கூடும், அவ்வளவு நேரமும் வயர் கொதிக்கும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டைத் தாண்டாது.

அடுத்தது பேட்டரி. 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-அவர் பேட்டரிதான். ஒரு ஆம்பியர் வீதம் எத்தனை மணி நேரம் கொடுக்கும் என்ற கணக்கு அது. சின்னக் காரிலேயே 35 இருக்கும். அந்தக் காரை மனதில் வைத்துச் செய்த பம்ப் இது. நாலு நிமிஷம் ஓடினால் 0.7 ஆம்பியர்-அவர் போய்விடும். புது பேட்டரி சமாளித்துக்கொள்ளும். இரண்டு மூன்று வருஷம் ஓடிய பேட்டரி என்றால் வோல்டேஜ் பொத்தென்று இறங்கும்.

'இன்ஜினை ஓடவிட்டுத்தானே அடிக்கிறேன்' என்பார்கள். ஓடவிடுவது சரிதான், திறந்தவெளியில் அப்படித்தான் செய்யவேண்டும். ஆனால் 2017 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளில் இன்ஜின் ஓடினால் ஹெட்லைட்டும் எரியும், அணைக்க சுவிட்ச் கிடையாது. ஆக்சிலேட்டர் முறுக்காமல் ஐடிலில் ஓடும்போது, கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயில் கொடுப்பது ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் போனால் மிச்சம் சொற்பம். பம்ப் கேட்பதில் பெரும்பங்கு பேட்டரியிலிருந்துதான் போகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பலவற்றை, பேட்டரி படுத்தாலும் உதைத்துக் கிளப்பிவிடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு சின்ன வண்டியிலும் பெரும்பாலும் இன்ஜெக்டர்தான். டேங்கிலிருந்து பெட்ரோல் தள்ளும் பம்புக்கும், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவுக்கும் பேட்டரி உயிரோடு இருக்கவேண்டும். தனுஷ்கோடியில் டயரில் காற்று இருக்கும், வண்டி கிளம்பாது.

அப்படியானால் பம்பை பைக்கில் ஓட்டவே கூடாதா? 150 சிசிக்கு மேல், 8 ஆம்பியர்-அவர் அளவுக்குப் பேட்டரி உள்ள வண்டியில் தாராளமாக ஓட்டலாம், வயரிங்கை ஒழுங்காகச் செய்திருந்தால். பம்புக்கென்று தனி லைன். பிளஸ், மைனஸ் இரண்டும் நேராகப் பேட்டரி டெர்மினலில். மைனஸை ஏதோ ஒரு போல்ட்டில் பாடி எர்த் கொடுத்துவிட்டு வராதீர்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ். பம்ப் 10 ஆம்பியர் என்றால் 15 ஆம்பியர் பியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். தேவைப்படும்போது சீட்டைத் தூக்கிச் செருகிக்கொள்கிற மாதிரி, மூடி உள்ள டூ-பின் கப்ளர் ஒன்று போதும். ஹேண்டில்பார் வரை அந்த வயரை இழுக்க வேண்டியதே இல்லை. அங்கேதான் ஹேண்டில் திரும்பித் திரும்பி வயர் தோல் உரியும். கம்பெனியே சாக்கெட் கொடுத்திருந்தால் எத்தனை ஆம்பியர் என்று மேனுவலில் பாருங்கள். பல வண்டிகளில் அது போன் சார்ஜ் போடும் அளவுக்குத்தான்.

சார்ஜர், ஃபாக் லைட் எல்லாம் ரிலே வழியாகப் போகவேண்டும். சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது, அதன் பின்களுக்கு நம்பர் போட்டிருக்கும். பேட்டரியிலிருந்து வரும் வயர் பியூஸ் வழியாக ரிலேயின் 30-ல் ஏறும், 87-லிருந்து சாமானுக்குப் போகும். 86-க்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயர், 85 எர்த். சாவி எடுத்தால் எல்லாம் நின்றுவிடும். நேராகப் பேட்டரியில் மாட்டிய, வோல்டேஜ் காட்டும் சார்ஜர் சும்மா இருக்கும்போதே 20 மில்லிஆம்பியர் குடிக்கும் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவர். பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் 4 ஆம்பியர்-அவர் பேட்டரி காலி.

இதெல்லாம் மதுரைக்கும் திருச்சிக்கும் பொருந்தும். நம் கரைக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, உப்புக் காற்று. மண்டபத்தில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்பதை, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் காற்று வயர் ஜாயின்ட்டை மட்டும் விட்டுவிடுமா? தோலை உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய ஜாயின்ட்டைச் சில மாதம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். டேப் பசை வழிந்து பிசுபிசுக்கும். உள்ளே செம்பு, செம்பு நிறத்தில் இருக்காது. பச்சையாகப் பூத்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். ஈரம் வயரின் இழைகளுக்கு நடுவிலேயே ஏறிப்போவதால் தோலுக்குள்ளும் கறுத்திருக்கும். நான் சில சமயம் நாலு விரற்கடை வெட்டி எறிந்த பிறகுதான் நல்ல செம்பு கண்ணில் படுகிறது.

அப்படி ஒரு ஜாயின்ட்டில் 0.2 ஓம் தடை ஏறியிருந்தால் போன் சார்ஜ் ஆகும், லைட் எரியும், ஒன்றும் தெரியாது. 10 ஆம்பியர் பம்பை மாட்டினால் அந்த ஒரே புள்ளியில் 20 வாட் சூடு. பியூஸ் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் கரண்ட் அளவு கூடவில்லை. அதனால்தான் கரையோர வண்டிகளில் பியூஸ் மட்டும் போட்டால் போதாது என்கிறேன். நடுவில் ஜாயின்ட்டே இல்லாமல் ஒரே வயராக இழுங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் லக் என்கிற உலோக முனையை வைத்து அழுத்தி, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஸ்லீவ் போடுங்கள். டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கப்ளரின் வாய் கீழே பார்க்கட்டும். தனுஷ்கோடி போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் பிரஷர் வாஷரைக் கப்ளர் பக்கம் காட்டாதீர்கள்.

மீன் பெட்டி கட்டும் எக்ஸ்எல் வண்டிகள் நிலைமை இன்னும் மோசம். ஐஸ் கரைந்து வழியும் உப்புத் தண்ணீர் நேராகப் பின்பக்க வயரிங்கில்தான் இறங்குகிறது. அந்த அண்ணன்மாரிடம் நான் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் எதுவும் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன். கால் பம்ப் ஒன்று கட்டிக்கொண்டால் போதும்.

மற்ற 100, 125 சிசி வண்டிக்காரர்கள் தன்னுள்ளேயே பேட்டரி உள்ள, சார்ஜ் போட்டு வைக்கும் பம்பை வாங்குங்கள். வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம், வண்டி வயரிங்கைத் தொடவே வேண்டாம். உள்ளே லிதியம் பேட்டரி இருப்பதால் வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், கிளம்பும் முன் சார்ஜைப் பாருங்கள்.

அப்புறம், ட்யூப் டயர் என்றால் முள் ஏறிய பிறகு வெறும் பம்ப் அதிகம் உதவாது, ட்யூபைக் கழற்றி ஒட்டத்தான் வேண்டும். ட்யூப்லெஸ் டயரில் முள்ளோ ஆணியோ தெரிந்தால், அடைக்கும் திரி கையில் இல்லாதவரை பிடுங்காதீர்கள். அது உள்ளேயே இருந்தால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். நடுவில் இரண்டு மூன்று தடவை நிறுத்திக் காற்று அடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து ராமேஸ்வரம் பஞ்சர் கடை வரை வந்துவிடலாம்.