லேப்டாப் விசிறி ஏன் ஏறி ஏறி இறங்குகிறது?

"பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே விசிறி உறுமுகிறது. நாலைந்து விநாடியில் அடங்குகிறது, மறுபடி உறுமுகிறது. வேகத்தை நாமே கட்டுப்படுத்த முடியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். ஆனால் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் சூடு அதிகமாக இருப்பதல்ல, அந்தச் சூட்டை யார், எப்படி அளந்து முடிவெடுக்கிறார்கள் என்பதுதான்.

அடிப்படை எளிது. பிராசஸரின் சூட்டை அதன் மேல் அழுத்தி வைத்த செம்புத் தகடு வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து வெப்பக்குழாய் வழியே ஓரத்திலுள்ள மெல்லிய உலோகத் தகடுகளுக்குப் போகிறது. அந்தத் தகடுகளின் இடுக்கில்தான் விசிறி காற்றைத் தள்ளுகிறது. பிராசஸர்மேல் நேரடியாகக் காற்று படுவதே இல்லை.

விசிறிக்கு உத்தரவு கொடுப்பது பொதுவாக விண்டோஸோ லினக்ஸோ அல்ல. போர்டில் தனியாக இருக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சின்னச் சிப். திரை உறைந்து நின்றாலும் விசிறி சுற்றுவது இதனால்தான். நான்கு கம்பி விசிறியில் இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று வேகத்தைச் சொல்ல, மற்றொன்று உண்மையில் எவ்வளவு வேகம் என்று திருப்பிச் சொல்ல. இந்தக் கடைசிக் கம்பியில் ஒரு சுற்றுக்கு இரண்டு மின்துடிப்பு வரும். விநாடிக்கு 100 துடிப்பு வந்தால் நிமிடத்துக்கு 3000 சுற்று. கன்ட்ரோலரிடம் ஒரு அட்டவணை இருக்கும்: இத்தனை டிகிரிக்கு இத்தனை வேகம்.

சிக்கல் இந்த அட்டவணையில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 100 சதுர மில்லிமீட்டர் பரப்பும் 0.8 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சிலிக்கான் துண்டின் எடை சுமார் 0.19 கிராம். அது ஒரு டிகிரி சூடேற 0.13 ஜூல் போதும். புதுப் பக்கம் திறக்கும்போது பிராசஸர் கூடுதலாக 15 வாட் இழுக்கிறது என்றால், அந்தச் சூடு வெளியேறவே வழியில்லாதபட்சத்தில், விநாடிக்கு நூறு டிகிரிக்கு மேல் ஏறிவிடும். வழி இருப்பதால் பத்து, பதினைந்து டிகிரி சட்டென்று ஏறி நின்றுவிடுகிறது. வேலை முடிந்ததும் அதே வேகத்தில் விழுகிறது. செம்பும் அலுமினியமும் சேர்ந்த குளிர்விப்பு அமைப்போ ஒரு டிகிரி ஏற 30 ஜூல் போலக் கேட்கும். அதே 15 வாட்டில் ஒரு டிகிரிக்கு இரண்டு விநாடி ஆகும். சிப்பின் சென்சார் 70 டிகிரி என்று அலறும் அந்த நொடியில் தகடுகளின் சூடு இன்னும் ஏறவே இல்லை. விசிறி அப்போது வேகமெடுத்துத் தள்ளுவது ஏறக்குறைய பழைய சூட்டைத்தான். அதாவது சத்தம் மட்டுமே லாபம்.

இதைச் சமாளிக்கும் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஏற ஒரு எல்லை, இறங்க வேறொரு எல்லை. மாடித் தொட்டி மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் போட்டவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்தால் ஓடும், மேலே தொட்டால்தான் நிற்கும். ஒரே மட்டத்தில் இரண்டையும் வைத்தால் மோட்டார் நிமிடத்துக்குப் பத்து தடவை துடிக்கும். விசிறியிலும் 60 டிகிரி என்ற ஒரே எல்லை இருந்தால், 60-இல் ஓடும், 59-இல் நிற்கும், திரும்ப ஓடும். 62-இல் ஏறி 54-இல்தான் இறங்கு என்று சொல்லிவிட்டால் நடுவிலுள்ள எட்டு டிகிரிக்குள் சிப் எவ்வளவு துள்ளினாலும் விசிறி கண்டுகொள்ளாது. கூடவே, ஒரு நொடி அளவை நம்பாமல் சில விநாடிகளின் சராசரியைப் பார்த்தால் உறுமல் நின்றுவிடும்.

இதை நாமே செய்ய நல்ல இடம் லெனோவோவின் திங்க்பேட் லேப்டாப்பும் லினக்ஸும். அங்குள்ள திங்க்பேட் ஏசிபிஐ என்ற கர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையப் பகுதியோடு சேரும் துணை நிரல்) விசிறிக்கு 0 முதல் 7 வரை நிலைகள் தருகிறது. மாட்யூல் ஏறும்போதே ஃபேன் கன்ட்ரோல் என்ற விருப்பத்துக்கு 1 கொடுக்க வேண்டும். பாதுகாப்புக்காக அது மூடியே வருகிறது. பிறகு திங்க்ஃபேன் என்ற நிரலுக்கு அட்டவணை எழுதலாம். தொடங்க ஒன்று: நிலை 0 – 55 டிகிரி வரை; நிலை 2 – 48 முதல் 62; நிலை 4 – 54 முதல் 70; நிலை 6 – 62 முதல் 78; நிலை 7 – 70-க்கு மேல். ஒவ்வொரு வரியின் கீழ் எல்லையும் முந்தைய வரியின் மேல் எல்லையைவிட ஏழெட்டு டிகிரி தாழ்வாக இருப்பதைக் கவனியுங்கள். வித்தை முழுக்க அங்கேதான்.

தவறு நடக்கும் இடம், நிரல் செத்துப்போய் விசிறி 0-இலேயே நிற்பது. அதற்காக மாட்யூலில் ஒரு காவல் கடிகாரம் உண்டு. 120 விநாடி வரை வைக்கலாம். அதற்குள் புதிய உத்தரவு வராவிட்டால் விசிறியை அதுவே மீண்டும் இயக்கிவிடும். லேப்டாப் தூங்கி எழுந்த பிறகும் நிலை சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. மற்ற பல கம்பெனி மாடல்களில் இந்தக் கதவே திறப்பதில்லை. காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தன் விசிறியின் அட்டவணையைக் காட்டக்கூடாது என்பதில் என்ன நியாயமோ, எனக்குப் புரியவில்லை.

அட்டவணை எழுதும்போது பேராசை வேண்டாம். வேகம் இரட்டிப்பானால் காற்று இரு மடங்குதான், விசிறி இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்கு, சத்தம் சுமார் 15 டெசிபல் கூடுகிறது. கடைசி ஆயிரம் சுற்றில் கிடைப்பது சில டிகிரி மட்டுமே.

அதைவிடச் சூட்டை உண்டாகும் இடத்திலேயே குறைப்பது மலிவு. சிப்பின் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கியதற்கு ஏற்ப ஏறும். 1.2 வோல்ட், 4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதை 0.9 வோல்ட், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் வேகம் 60 சதவீதம், சூடு மூன்றில் ஒரு பங்குதான். விண்டோஸில் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் அதிகபட்ச அளவை 100-இலிருந்து 99 சதவீதமாக மாற்றினால் பெரும்பாலான மாடல்களில் டர்போ, அதாவது பிராசஸர் தன் வழக்கமான வேகத்தையும் தாண்டி ஓடுவது, நின்றுவிடும். புது மாடல்கள் சிலவற்றில் இந்த வரி மறைக்கப்பட்டிருக்கும்.

இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் வெளியே வரும் காற்றில் கை வையுங்கள். பிராசஸர் 95 டிகிரி, விசிறி முழு வேகம், காற்று வெதுவெதுப்பு என்றால் சூடு தகடுகளுக்கே வந்து சேரவில்லை: சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது வெப்பக்குழாய் போயிருக்கும். காற்று கொதிக்கிறது, ஆனால் மெல்ல வருகிறது என்றால் தகடுகளின் முன்னால் தூசி கம்பளிபோல் படிந்திருக்கிறது. அடிமூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கி, விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். பிடிக்காமல் ஊதினால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெடும். பேஸ்ட் மாற்றும்போது பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சிப் முழுதும் மூடும்படி மெல்லிய படலமாகப் பூசி, ஸ்க்ரூக்களை அவற்றின் பக்கத்தில் அச்சிட்ட எண் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு மூலையை முதலிலேயே முழுக்க இறுக்கினால் தகடு சாய்ந்து எதிர்மூலையில் பேஸ்ட் தடித்துவிடும்.

சூடான லேப்டாப்பை ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் குளிர்ந்த போர்டில் காற்றின் ஈரம் நீராகப் படியும். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் தானே அணைந்துவிடும். போர்டில் படிந்த தண்ணீருக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் கிடையாது.