ஏற மறுத்தது யார்?

சத்துவாச்சாரியில் நாங்கள் மனு அடித்துக் கொடுக்கும் கடைக்கு ராணிப்பேட்டைத் தோல் வியாபாரி ஒருவர் வந்தார். கொல்கத்தா போக உறுதியான டிக்கெட்டோடு நேரத்துக்குச் சென்னை போய் நின்றவரிடம், ‘சீட்டு நிரம்பிவிட்டது, நாளைக் காலை வாங்க’ என்று சொல்லிவிட்டார்களாம். யாரோ எழுதிக்கொடுத்த வரைவைக் கையில் வைத்திருந்தார். இரண்டாவது வரியில் ‘மனுதாரர் விமானத்தில் ஏற மறுக்கப்பட்டார்’. நாலாவது வரியில் அது தேய்ந்து ‘மனுதாரர் ஏற மறுத்ததால்’ ஆகிவிட்டது. ஏணி வரை போய் மாட்டேன் என்று மனுஷன் அடம்பிடித்த மாதிரி!

டிக்கெட் இருந்தும் விமானக் கம்பெனி பயணியை விட்டுவிட்டுப் போவதை ஆங்கிலத்தில் ‘டினைடு போர்டிங்’ என்பார்கள். அதற்குத்தான் இந்த ‘ஏற மறுப்பு’. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போர்டு என்றால் பலகை. கப்பலின் பக்கத்தைக் குறித்து, அப்புறம் கப்பல் ஏறுவதைக் குறித்தது. விமானம் அதைக் கப்பலிடம் கடன் வாங்கியது. வேர் அவ்வளவுதான்.

தமிழில் ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. ஏற மறுப்பவர் பயணி, ஏற்ற மறுப்பது கம்பெனி. நடுவில் இருப்பது ஒரே ஒரு ‘ற்’. பணமெல்லாம் அதில்தான் தொங்குகிறது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் கொடுத்துவிட்டால் இழப்பீடு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல 2 மடங்கு, 10,000 ரூபாய் வரை. அதையும் தாண்டினால் 4 மடங்கு, 20,000 வரை. அதற்கு முன்னால், யாராவது தாமாக இடத்தை விட்டுக்கொடுப்பார்களா என்று கம்பெனி கேட்டுப் பார்க்க வேண்டும். ‘ஏற மறுத்தவர்’ என்றால் அப்படி விட்டுக்கொடுத்தவர் என்றே ஒருவர் படிக்கலாமே!

காட்பாடியில் தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ‘பயண அனுமதி மறுப்பு’ என்கிறார். கேட்க கம்பீரமாக இருக்கிறது, பொருள்தான் வேறு. அனுமதி மறுப்பு என்றால் விசா இல்லை, போலீஸ் தேடுகிறது, குடித்துவிட்டு வந்தார் என்றுதான் தோன்றும். குற்றம் பயணி தலையில் விழுகிறது. இங்கே பயணியிடம் ஒரு குறையும் இல்லை. இருக்கிற சீட்டுக்கு மேல் விற்றது அவர்கள். ‘ஏற்றுவது மூட்டையை அல்லவா, மனிதரையா?’ என்று நண்பர் மடக்கினார். ஐயா, போன மாதம் உங்கள் மகளைக் காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அவள் என்ன மூட்டையா?

‘ஏற்ற மறுப்பு’ என்று சுருக்கினால் ஒரு சிக்கல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ‘ஏற்ற மாப்பிள்ளை’ போல, தகுந்த மறுப்பு என்றும் படிக்கலாம். அதனால் ‘ஏற்றிக்கொள்ள மறுத்தல்’ என்றே எழுதுகிறேன். நீளம்தான். இருக்கட்டும். மொழிபெயர்ப்பவர்களுக்கு இரண்டு சொல்லில் முடித்துவிட வேண்டும் என்று என்ன அவசரமோ! ஓவர்புக்கிங்கை ‘அதிகப்படியான முன்பதிவு’ என்பதும் இதே அவசரம்தான். தீபாவளிக் கூட்டம் மாதிரி கேட்கிறது. 180 சீட்டுக்கு 186 பேரிடம் காசு வாங்குவதற்கு ‘மிகைப்பதிவு’ போதும்.

வரைவைத் திருத்தி, ‘எதிர்மனுதாரர் என்னை ஏற்றிக்கொள்ள மறுத்தார்’ என்று வியாபாரியிடம் படித்துக் காட்டினேன்.

“அதத்தான சார் நானும் சொன்னேன், ஏத்திக்கலன்னு. எழுதினவன்தான் மாத்திட்டான்.”