ஒரு நாள் குஞ்சுக்கு எதற்குக் குண்டு பல்பு?

பொரித்து ஒரு நாளான கோழிக்குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடைத்து பஸ்ஸில் வெளியூருக்கு அனுப்புகிறார்கள். வழியில் தீனியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஆனாலும் கீச்கீச்சென்று துள்ளலோடு வந்து சேர்கின்றன. வயிற்றுக்குள் கட்டுச்சோறு இருப்பதுதான் காரணம். அடைவைத்த 21ஆம் நாள் ஓட்டை உடைத்து வெளியே வருவதற்கு ஓரிரு நாள் முன்பு, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தொப்புள் வழியே குஞ்சு உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாளை அதை வைத்தே ஓட்டிவிடும்.

அதற்காகப் பட்டினி போட்டுவிடாதீர்கள். தீனி உள்ளே போனால்தான் குடல் வேலையைத் தொடங்கும். அந்தக் கருவும் சீக்கிரம் கரையும். பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் ஒருமுறை நனைத்து விடுங்கள். தாயில்லாக் குஞ்சுக்குத் தண்ணீர் எது என்று தெரியாது. பளபளவென்று எது தெரிந்தாலும் கொத்திப் பார்க்கும். அலகு நனைந்து, தலையைத் தூக்கி ஒரு மிடறு விழுங்கிவிட்டால் அதற்குமேல் நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் உள்ளே விழுந்து நனையாது.

சாப்பாட்டைக் கொண்டுவந்த குஞ்சு சூட்டைக் கொண்டுவரவில்லை. வளர்ந்த கோழியின் உடல்சூடு ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நாட்டுக்கோழிக் குஞ்சோ 40 கிராம்கூடத் தேறாது. உடம்பு சின்னதாக இருந்தால் எடையோடு ஒப்பிடத் தோல்பரப்பு அதிகம். சூடும் வேகமாக வெளியேறும். மேலே இருப்பதோ வெறும் பூமயிர். அடைக்கோழி கூடவே இருந்தால் கவலையில்லை. அதன் நெஞ்சடியில் இறகு உதிர்ந்து, ரத்த ஓட்டம் மிகுந்த வெறுந்தோல் இருக்கும். குஞ்சுகள் அதில் ஒட்டிச் சூடேறி, வெளியே ஓடிக் கிளறி, குளிர்ந்ததும் மறுபடி உள்ளே நுழையும்.

பல்பு வைத்து வளர்க்கும்போதும் இந்தப் போக்குவரத்து நடக்க வேண்டும். இடம் முழுக்க ஒரே சூடாக இருக்கக்கூடாது. நடுவில் வெதுவெதுப்பு, ஓரத்தில் கொஞ்சம் குளிர்ச்சி. முதல் வாரம் பல்புக்கு நேர் கீழே, குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையட்டும், பல்பைச் சற்று உயர்த்தினாலே போதும். சுற்றிலும் தகரத்தை வட்டமாக வளைத்து வையுங்கள். மூலை இருந்தால் குளிருக்கு அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

குஞ்சுக்கு 2 வாட் என்பார்கள். அது குண்டு பல்புக்கான கணக்கு. எல்இடி மாட்டினால் வெளிச்சம் வரும், சூடு வராது. மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடிக்கிறது என்றுதானே குண்டு பல்பை வீட்டிலிருந்து விரட்டினோம்? குஞ்சுக்கு வேண்டியதே அந்த வீண்தான்.

என்னைக் கேட்டால் தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து ஓயாமல் கத்தினால் குளிர். தகரத்தோரம் ஒதுங்கி, இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெக்கை. பறவைக்கு வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வருகிறது. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் நீங்கள் போய்த் தூங்கலாம்.

குளிருக்குப் பயந்து சாக்கால் நாலு பக்கமும் மூடிவிடுவது இன்னொரு வம்பு. தரையில் பரப்பிய உமியில் எச்சமும் ஈரமும் சேர்ந்தால் அம்மோனியா கிளம்பும். நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து குஞ்சின் உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அதே காற்றைத்தான் குஞ்சு நாள் முழுக்க இழுக்கிறது, மூச்சுக்குழாய் புண்ணாகிறது. கீழே அடைத்து மேலே திறந்து விடுங்கள். நனைந்த உமியை உடனே அள்ளிவிடுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் என்ற ராணிக்கெட் நோயைத் தடுக்க முதல் சொட்டு மருந்து 7ஆம் நாள் வாக்கில், கண்ணிலோ மூக்கிலோ. தாய் தடுப்பூசி போட்ட கோழியானால் அதன் எதிர்ப்புச் சக்தி மஞ்சள் கருவோடு குஞ்சுக்கும் வந்திருக்கும். ரொம்ப முன்னதாகப் போட்டால் அந்தச் சக்தியே மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். மருந்தை ஐஸில் வைத்து எடுத்து வந்து, கலக்கியதும் போட்டு முடிக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் பகலில் பல்பே வேண்டாம். நாலைந்து வாரத்தில் முதுகும் நெஞ்சும் இறகால் மூடியதும் கழற்றிவிடலாம். மார்கழிக் குஞ்சென்றால் இன்னும் ஒரு வாரம் ராத்திரிக்கு மட்டும் எரியட்டும்.