ரஷ்யன் சேஜ்: தமிழில் எப்படிச் சொல்வது?

‘ரஷ்யன் சேஜ்’ என்ற செடியை ‘ரஷ்ய முனிவர்’ என்று மொழிபெயர்த்துப் போடுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் முனிவருக்கும் செடிக்கும் எழுத்துக்கூட்டு ஒன்றுதான் (sage) என்றாலும் இவை வேறு வேறு சொற்கள். ஞானியைக் குறிக்கும் சேஜ், அறிவைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. செடியைக் குறிக்கும் சேஜ், ‘சால்வியா’ என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த வடிவம். சால்வியாவுக்கு அடிப்படை ‘சால்வுஸ்’, அதாவது நலமான, கேடில்லாத. மருந்துச் செடி என்பதால் அந்தப் பெயர்.

சரி, ‘ரஷ்யன்’ எங்கிருந்து வந்தது? இது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட மலைகளில் இயல்பாக வளரும் செடி. வெளுத்த தண்டு, நசுக்கினால் மணக்கும் இலை, ஊதா கலந்த நீலப் பூ. ரஷ்யத் தொடர்பு அறிவியல் பெயரில்தான் இருக்கிறது: ரஷ்யாவின் ஓரன்பூர்க் ஆளுநராக இருந்த வசிலி பெரோவ்ஸ்கியின் நினைவாக, கரேலின் என்ற ரஷ்ய இயற்கை ஆய்வாளர் 1841இல் ‘பெரோவ்ஸ்கியா’ என்று ஒரு பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய செடிவகைகளின் தொகுதிக்கு, பெயர் வைத்தார். அதில் நம் செடிக்குக் கிடைத்த பெயர் பெரோவ்ஸ்கியா அட்ரிப்ளிசிஃபோலியா, அதாவது அட்ரிப்ளெக்ஸ் கீரையின் இலை போன்ற இலையுடையது.

2017இல் அந்தப் பெயரும் மாறியது. மரபணு ஒப்பீட்டில் பெரோவ்ஸ்கியாவும் சமையலுக்குப் பயன்படும் ரோஸ்மேரியும், சேஜ் செடிகளின் பேரினமான சால்வியாவின் கூட்டத்துக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்தன. அப்போது இரண்டு வழிதான்: சால்வியாவைத் துண்டு துண்டாக உடைத்து நூற்றுக்கணக்கான செடிகளுக்குப் புதுப்பெயர் வைப்பது, இல்லையென்றால் இவ்விரண்டும் உட்பட வெளியே இருந்த ஐந்து சிறு பேரினங்களை உள்ளே சேர்த்துக்கொள்வது. தாவரவியலாளர் பிரையன் ட்ரூ குழுவினர் இரண்டாவதைச் செய்தார்கள், எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஆனால் ‘சால்வியா அட்ரிப்ளிசிஃபோலியா’ என்ற பெயரை ஏற்கெனவே வேறொரு செடிக்கு வைத்துவிட்டார்கள், ஒரே பெயர் இரண்டு செடிக்கு இருக்கக் கூடாது, அதனால் இது ‘சால்வியா யாங்கீ’ ஆனது. சால்வியாவை உடைக்கத்தான் வேண்டும் என்று சொல்லும் தாவரவியலாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வழியில் போனால் பழைய பெயரே திரும்பும். இரண்டு பெயரும் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், விதை வாங்கும்போது குழம்ப வேண்டாம், செடி ஒன்றுதான்.

அப்புறம் தமிழ்ப் பெயர். சிலர் சேஜ் என்றாலே கற்பூரவள்ளி என்று எழுதுகிறார்கள், அது துளசிக் குடும்பம்தான் என்றாலும் வேறு பேரினம். ஊட்டியில் தோட்டக்காரர்கள் ‘சால்வியா’ என்றே சொல்கிறார்கள், மலர்க் கண்காட்சிச் செய்திகளிலும் அந்தச் சொல் வருகிறது, புதிதாக ஒன்றைக் கட்டவேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ‘நீலச் சால்வியா’ என்றால் தோட்டங்களில் பரவலாக வைக்கும் இன்னொரு சால்வியாவோடு குழம்பும். அதனால் தண்டைப் பார்த்து ‘வெண்தண்டுச் சால்வியா’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. கட்டுரையில் முதல் முறை வரும்போது மட்டும் பக்கத்தில் ‘சால்வியா யாங்கீ, முன்பு பெரோவ்ஸ்கியா’ என்று சேர்த்துவிடுங்கள்.