தேனில் மருந்து எச்சம்: சோதனை எங்கே தவறுகிறது?

தேனீக் கூட்டில் மூடிய புழு அறையைக் கிள்ளித் திறந்தால், புழு தலையை மேலே தூக்கிக்கொண்டு, நீர் கோத்த பையாக மல்லாந்து கிடக்கும். முள்ளால் தூக்கினால் பை முழுசாக வரும். 1990-களின் தொடக்கத்தில் குமரி மாவட்டத்து இந்தியத் தேனீக்களை வாரிக்கொண்டு போன தாய் சாக்புரூட் நோய் இதுதான். இது வைரஸ். பாக்டீரியாவுக்கான மருந்தான டெட்ராசைக்ளினைச் சர்க்கரைப் பாகில் கலந்து வைத்தாலும் ஒரு புழுகூடப் பிழைக்காது. மருந்துதான் தேனறைக்கு ஏறும். ராணியைக் கூண்டில் அடைத்துப் புழு வளர்ப்பைச் சில நாள் நிறுத்துவதும், நோய்பிடித்த அடைகளை அகற்றுவதும்தான் பலன் தரும்.

ஏறிய மருந்தை, வீட்டில் தேனைச் சோதிக்கும் தண்ணீர் டம்ளரும் தீக்குச்சியும் காட்டாது. குளோராம்பினிகால் என்ற பாக்டீரியா மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 நவம்பர் முதல் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம், ஒரு டன் தேனில் 0.15 மில்லிகிராம். இதைப் பிடிக்க, கலவையைப் பிரித்து மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவி வேண்டும். ஆனால் பல தவறுகள் தேன் கருவிக்குள் போகும் முன்பே நடந்துவிடுகின்றன.

உறைந்த தேனை 40 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் வைத்து இளக்கி, நுரைக்காமல் கலக்கிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுத்தால் அது அந்தப் புட்டியின் தேன் ஆகாது.

சல்பா என்ற வகைப் பாக்டீரியா மருந்துகள் தேனின் சர்க்கரையோடு பிணைந்துகொள்ளும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து அந்தப் பிணைப்பை முறிக்காவிட்டால், இருக்கிற மருந்தும் கணக்கில் வராமல் போகும். டெட்ராசைக்ளின் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும், கண்ணாடியிலும் ஒட்டும். அதற்கு, அந்த அயனிகளைத் தானே பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ சேர்த்த கரைசலும் பிளாஸ்டிக் குழாயும் தேவை.

இல்லாத மருந்து இருப்பதாகத் தெரிவதும் உண்டு. தடைசெய்யப்பட்ட மருந்தான நைட்ரோபியூரசோனின் அடையாளமாகத் தேடப்படுவது செமிகார்பசைடு என்ற பொருள். புட்டி மூடியின் உள்வளையத்தை நுரைக்க வைக்கும் அசோடைகார்பனமைடு சூட்டில் சிதைந்தாலும் அதே செமிகார்பசைடுதான் வரும். இதை மட்டும் வைத்துத் தேனீ வளர்ப்பவரைக் குற்றவாளியாக்குவது அநியாயம். மூடி படாத, பீப்பாயிலிருந்து நேரே எடுத்த மாதிரியையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அறிக்கை வாங்குபவர்கள் ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எந்தெந்த மருந்துகளைத் தேடினார்கள், எந்த அளவு வரை கண்டறிய முடியும் என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். குளோராம்பினிகாலுக்கு நேரே கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்று இருந்தால், அந்த அறிக்கை உங்கள் தேனைப் பற்றி எதையும் சொல்லவில்லை.