கற்றல் பேறு: சொல் விளக்கம்

பட்டப்படிப்பை முடிப்பவர் எதையெல்லாம் செய்துகாட்ட வல்லவராக இருப்பார் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வாசகமே 'லேர்னிங் அவுட்கம்'. 'அவுட்கம்' என்பதன் அடிப்பொருள் 'வெளிவருவது'.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைக் 'கற்றல் விளைவு' என்கின்றன. இலங்கையில் 'கற்றற்பேறு' என்பது வழக்கு. இரண்டும் புரியக்கூடியவையே. ஆனால் விளைவு யாரும் எண்ணாமலும் நேரலாம், பக்கவிளைவும் விளைவுதான். பேறு அப்படியன்று. கெடு 'கேடு' ஆனதுபோல், பெறு என்னும் வினை முதலெழுத்து நீண்டு 'பேறு' ஆயிற்று. இலக்கணம் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்னும். பெறுபவர் இல்லாமல் பேறு இல்லை. இந்த வாசகங்களின் எழுவாய் எப்போதும் மாணவரே என்பதால் பேறு என்பதே கூடுதலாகப் பொருந்துகிறது. வீடுபேறு என்பதுபோல அருளால் கிடைப்பது என்ற சாயல் அதில் உண்டு என்று தயங்குவோர் மகப்பேறு என்ற சொல்லையும் நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பேற்றில் பெறுபவரின் உழைப்பு எவ்வளவு!

'நோக்கம்' வேறு. அது ஆசிரியர் எதைக் கற்பிக்கக் கருதுகிறார் என்பது. 'சோதனை முறைகள் அறிமுகப்படுத்தப்படும்' என்று எழுதினால் மாணவர் வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுகிறார். அது நோக்கம்கூட அன்று, பாடப்பொருள் பட்டியல்.

பட்டப்படிப்பு முழுமைக்கும் 8 முதல் 12 பேறுகள், ஒரு பாடத்துக்கு 4 முதல் 6 என்பது கையாளத்தக்க அளவு. ஒவ்வொன்றிலும் கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடிய வினை ஒன்று வேண்டும். 'புள்ளியியல் முறைகளைப் புரிந்துகொள்வர்' என்றால் புரிந்ததை எதைக்கொண்டு அளப்பது? 'தரவின் தன்மைக்குப் பொருந்தும் புள்ளியியல் சோதனையைத் தேர்ந்தெடுப்பர்' என்றால் வினாத்தாளே கண்முன் வந்துவிடும். 1956இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமின் குழுவினர் வெளியிட்டு 2001இல் திருத்தப்பட்ட அறிதல் படிநிலைகளில் 'புரிதல்' உண்டே எனலாம். அது படிநிலையின் பெயர். பேற்றில் எழுதவேண்டியது விளக்குவர், வேறுபடுத்துவர் போன்ற வினை.

தமிழில் எழுதும்போது தனியாக ஒரு சிக்கல் வரும். 'தரவைத் திரட்டி, பகுத்தாய்ந்து, வரைபடமாக்கி, அறிக்கை எழுதுவர்' என்பதில் வினைமுற்று ஒன்றுதான். ஆனால் வினையெச்சங்களுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. திரட்டத் தெரிந்து பகுத்தாயத் தெரியாதவருக்கு எந்த மதிப்பெண் இடுவது? எனவே முற்றை மட்டும் எண்ணாமல் எச்சங்களையும் எண்ணுங்கள்; ஒன்றுக்கு மேல் தனியே மதிப்பிடவேண்டியிருந்தால் வாசகத்தைப் பிரியுங்கள்.

எழுதி முடித்ததும் பாடங்களை நெடுவரிசையிலும் பேறுகளைக் கிடைவரிசையிலும் இட்டு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அறிமுகமா, பயிற்சியா, மதிப்பீடா என்று குறியுங்கள். 'மதிப்பீடு' எங்குமே வராத கிடைவரிசை, யாரும் சோதிக்காத வாக்குறுதி. எல்லாக் கட்டங்களும் நிறைந்திருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே. பெரும்பாலும் வாசகங்கள் எதற்கும் பொருந்தும் அளவுக்குப் பொதுவாக இருக்கின்றன என்று பொருள். இன்னொரு பிழை இந்த அட்டவணையில் தெரியாது: பேறு 'வடிவமைப்பர்' என்றிருக்க, தேர்வு சரியான விடையைத் தேர்வுசெய்யச் சொல்லும். மாணவர் படிப்பது தேர்வுக்குத்தான். அங்கே மாற்ற வேண்டியது வினாத்தாளை. வினையைத் தாழ்த்தி 'அடையாளம் காண்பர்' என்று ஆக்கிவிடக்கூடாது.