மழையில் நின்றுபோகும் பழைய மினி கார்: டிஸ்ட்ரிபியூட்டரை ஈரம் அண்டாமல் காப்பது எப்படி?

1959-இல் பிரிட்டனில் வெளிவந்த மினி காரில் எஞ்சின் குறுக்குவாட்டில் அமைந்தது. சின்ன வண்டிக்குள் நாலு பேர் உட்கார இடம் கிடைத்தது அதனால்தான். ஆனால் நான்கு ஸ்பார்க் பிளக்குகளும், அவற்றுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் வண்டியின் முகப்புக் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்துவிட்டன. முன்னால் போகும் லாரி வாரியடிக்கும் தண்ணீர் முதலில் படுவதே அவற்றின்மேல்தான். முன்மாதிரி வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்தான் முன்பக்கம் இருந்தது. பிறகுதான் எஞ்சினைத் திருப்பி வைத்தார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட் திறக்கும்போது, மின்னழுத்தத்தை உயர்த்தும் காயில் 12 வோல்ட்டிலிருந்து 20,000 வோல்ட் வரை எழுப்பக்கூடியது. பிளக் முனையைத் தாண்டவேண்டிய அந்த மின்சாரம், அதைவிடச் சுலபமான வழி கிடைத்தால் அதிலேயே எர்த்துக்குப் போய்விடும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பின்மேல் ஒட்டியிருக்கும் தூசியும், பனிக்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் அந்த ஈரத்தில் கரையும்போதுதான் வழி திறக்கிறது. ஆகவே அழுக்கை எடுப்பதுதான் முதல் வேலை.

கசிவு தொடர்ந்தால் சூட்டில் கேப் கருகி, பென்சில் கோடு போல மெல்லிய கரிக்கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அதற்குப் பிறகு எவ்வளவு உலர்த்தினாலும் மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவது) போகாது. கேப்பை மாற்றியே ஆகவேண்டும். கேப்பின் உட்புறத்தையும், அதற்குள் சுழலும் ரோட்டாரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு ஒயர்கள்மேல் பூப்போலத் தண்ணீர் தெளித்தால் நீலப்பொறி தாவுவது தெரியும். அப்போது எந்த ஒயரையும் கையால் தொடக்கூடாது.

கேப், காயிலின் மேல்பகுதி, பிளக்கின் வெள்ளைப் பீங்கான், ஒயர்கள் எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் பிசுக்கு போகத் துடையுங்கள். ஒயர் முனைகளில் வெடித்துப்போன ரப்பர் மூடிகளை மாற்றுங்கள். புது மூடியின் உள்விளிம்பில் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும். உலோக முனையில் அப்பவேண்டாம்.

அடுத்தது தடுப்பு. மினிக்கென்றே டிஸ்ட்ரிபியூட்டர் உறை கிடைக்கிறது. பிரிட்டனில் பலர் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டுவார்கள்: விரல் நுனிகளை வெட்டி, நான்கு விரல் வழியாகப் பிளக் ஒயர்கள், கட்டைவிரல் வழியாகக் காயில் ஒயர். கணக்கு அச்சாகப் பொருந்தும். அடிப்பக்கத்தை மட்டும் இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே தாவும் பொறியால் ஓசோன் உண்டாகிறது, குளிர்ந்ததும் நீராவி வியர்க்கிறது. இரண்டும் வெளியேறக் காற்றோட்டம் வேண்டும். சிலிக்கான் பசை பூசி கேப்பை முழுக்க அடைப்பவர்கள் மழைநீரைத் தடுத்து, வியர்வையை உள்ளே பூட்டிவைக்கிறார்கள்.

வழியில் நின்றுவிட்டால் இக்னிஷனை அணைத்து, கேப்பைக் கழற்றி உள்ளும் புறமும் துடையுங்கள். ஈரம் விரட்டும் ஸ்பிரே அடித்தால் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். அதன் ஆவி தீப்பிடிக்கும். சில நிமிடம் ஆறவிட்டு, பிறகு கேப்பை மாட்டுங்கள்.